தாலிக்கு ஓகே போடாத நாத்தனார்

ஒரு நாளைக்கு நான் எத்தனை முறை ஓகே சொல்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால், கோயில் ஐயர் மந்திரம் சொல்வதைவிட அதிகமாகத்தான் இருக்கும். ஒரகடத்தில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பிரேக்குக்குள் போகிற சின்ன வளையத்தை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சரியாக இருந்தால் ஓகே, இல்லையென்றால் என்ஜி (நாட் குட் என்பதன் செல்லப் பெயர்). இந்த இரண்டு வார்த்தையில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

ஆனால் அந்த ஓகே எங்கே பிறந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எங்கள் ட்ரெயினிங் சார், "போர்ல ஒருத்தரும் சாகலன்னா சைபர் போட்டு பக்கத்துல கே போடுவாங்க. ஜீரோ கில்டு. அதாம்மா ஓகே" என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார். எங்கள் லைன் லீடர் மார்ட்டின் அண்ணன் எதையும் செல்போனில் படித்துவிட்டு வந்து பேசுகிறவர். கிரேக்க மாலுமிகள் 'எல்லாம் நலம்' என்பதற்குச் சொன்னது என்பார். மறுநாள் சாம்பார் சாதம் பிசையும்போது, இல்லை, அது அமெரிக்கப் பழங்குடிகளின் சொல் என்பார். விவரம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வது வேறு கதை. அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் 'ஆல் கரெக்ட்' என்பதை விளையாட்டுக்காக வேண்டுமென்றே ஓ-வும் கே-யும் போட்டுத் தப்பும் தவறுமாக எழுதி, அந்த இரண்டு சொல்லின் முதல் எழுத்துகளை எடுத்துக்கொண்டார்களாம். அதாவது, எல்லாம் சரி என்று சொல்கிற வார்த்தையே எழுத்துப் பிழையில் பிறந்தது. என் மேஜைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அர்த்தமாவது ஒன்றாக இருக்கிறதா? அதுவும் இல்லை. எங்கள் அம்மா "ஓகே, ஓகே" என்று இரண்டு முறை சொன்னால், வீட்டுக்கு வா, வைத்துக்கொள்கிறேன் என்று பொருள். அண்ணன் சரவணன் வாட்ஸப்பில் வெறும் 'கே' மட்டும் அனுப்பினால் கோபமாக இருக்கிறான். சமையல் கான்ட்ராக்டர் பாபு "ஓகேக்கா" என்றால் அந்த வேலை நடக்காது. கம்பெனிக்குள் மட்டும்தான் அதற்கு ஒரே பொருள்: நான் பார்த்துவிட்டேன், இனி இது என் பொறுப்பு. அந்த ஒரு பொருளை மண்டைக்குள் ஏற்றிக்கொண்டு நான் அண்ணன் கல்யாணத்துக்குப் போனேன். அங்கேதான் வந்தது வினை.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. அதற்கு முந்தின மாதம்தான் கம்பெனியில் சிறந்த இன்ஸ்பெக்டர் என்று கைதட்டி ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு கொடுத்திருந்தார்கள். (சப்பாத்தி இருபது வைக்கலாம்.) அந்த ஹாட்பாக்ஸ் என் தலையில்தான் ஏறியிருந்தது. ரிசப்ஷனில் மேடை பூவைப் பார்த்து, "இடது பக்கம் ரெண்டு இன்ச் இறங்கியிருக்கு" என்றேன். டெகரேஷன்காரர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

மண்ணூரில் மண்டபம். வெள்ளிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் தாலி கட்டியாக வேண்டும் என்பதில் பெண் வீட்டார் மிகக் கறார். பெண்ணின் பெரியப்பா ஒருவர், கையில் இரண்டு வாட்ச் கட்டாத குறையாக, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஐயரிடம் நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மாப்பிள்ளையின் ஒரே தங்கை. நாத்தனார். எனக்கு அன்று இரண்டு வேலை. தாலித் தட்டை மாப்பிள்ளை ரூமிலிருந்து மேடைக்குக் கொண்டுவர வேண்டும். அண்ணன் முதல் முடிச்சு போட்டதும், மீதி முடிச்சுகளை நான் போட வேண்டும். "ஒம்போதரைக்குத் தட்டு மேடைல இருக்கணும்டி தேவி. வேற எதையும் நோண்டாத" என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாள். நான் ஓகே என்றேன்.

ரூமில் யாரும் இல்லை. தட்டில் தேங்காய், அதன்மேல் மஞ்சள் கயிறு சுற்றி, நடுவில் தாலி, இரண்டு பக்கமும் இரண்டு தங்கக் குண்டு. கண் போன போக்கில் பார்த்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஜன்னல் பக்கம் எடுத்துப்போய், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கை தானாகச் செய்தது.

ஒரு குண்டு மற்றதைவிடச் சின்னது.

சின்னது மட்டுமில்லை. பெரியதில் வரி வரியாக வேலைப்பாடு இருந்தது. சின்னதில் அந்த வரியே மழுங்கி, ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. தேய்மானம்! புத்தம் புதுத் தாலியில் தேய்மானம்! பத்தர் ஏமாற்றிவிட்டார், யாரோ போட்டுக் கழற்றிய பழைய குண்டை அண்ணி கழுத்துக்குத் தள்ளிவிட்டார் என்று ஒரே நொடியில் முடிவு கட்டினேன்.

எங்கள் கம்பெனியில் சந்தேகமான பாகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஹோல்டு, அதாவது நிறுத்தி வை, என்று சீட்டு எழுது. பாகத்தோடு சிவப்புப் பெட்டியில் போட்டு மூடு. செய்தவரைக் கூப்பிடு. முடிவு வரும்வரை ஒருவரும் தொடக் கூடாது, முதலாளியே வந்தாலும் சரி. லைனில் கூச்சல் போடாதே. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக வாங்கிய என் கைப்பையில் அந்தச் சீட்டுக் கட்டு இருந்தது. (லிப்ஸ்டிக் இல்லை. சீட்டுக் கட்டு இருந்தது.)

எழுதினேன். 'ஹோல்டு. பாகம்: தாலி, ஒன்று. குறை: குண்டு அளவு வித்தியாசம், தேய்மானம். முடிவு:' என்று அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். வெளியே எட்டிப் பார்த்தால், பின்வாசல் ஓரம், கடவுளே அனுப்பி வைத்த மாதிரி ஒரு சிவப்புப் பெட்டி. முந்தின நாள் ரிசப்ஷனுக்கு ஐஸ்கிரீம் வந்த பெட்டி, காலி. தாலியை ஒரு வெற்றிலையில் வைத்து, மேலே சீட்டை வைத்து, மூடியை அழுத்தி மூடினேன். தேங்காய்த் தட்டின்மேல் துணியைப் போர்த்தி ரூமிலேயே வைத்துவிட்டு, பத்தரைத் தேடிப் போனேன்.

தாலி செய்த ரத்தினம் பத்தர் பந்தியில் இருந்தார். பொங்கலில் முந்திரி பொறுக்கிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்று, சப்ளையரை விசாரிக்கிற குரலில் கேட்டேன். "ரெண்டு குண்டும் ஏன் ஒரே அளவுல இல்ல?"

மனிதர் வாயில் வைத்த கையை எடுக்கவில்லை. "அது வோணும்னே வெச்சதும்மா."

"வேணும்னேவா?"

"ஆமா. ஏன்னு உங்கம்மாவ கேளு. நான் சொல்றதில்லன்னு வாக்கு குட்த்துக்கிறேன்." அதற்குமேல் அவர் கேசரிக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்குத் தெரியுமா? சரி, தெரிந்து செய்ததுதான், நம் வேலை முடிந்தது, எடுத்து வைத்துவிடலாம் என்று பின்வாசலுக்கு ஓடினேன். பெட்டியைக் காணோம். பெட்டி இருந்த இடத்தில் சதுரமாக ஈரம் மட்டும் இருந்தது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். "பாபு இப்பத்தான் குட்டி யானைல ஏத்திக்கினு போனாரு. பென்னலூர்ல இன்னொரு ஆர்டராமே" என்றார். குட்டி யானை என்றால் எங்கள் பக்கம் சின்னச் சரக்கு வண்டி. மணி ஒன்பது நாற்பத்திரண்டு.

பாபுவுக்குப் போன் போட்டேன். அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. அண்ணன் கல்யாணத் தாலி, ஐஸ்கிரீம் பெட்டியில், பென்னலூர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது. அனுப்பி வைத்தது நான்.

மண்டபத்து வாசலில் எங்கள் கம்பெனி பஸ் நின்றிருந்தது. நைட் ஷிப்ட் முடித்தவர்கள், மார்ட்டின் அண்ணன் தலைமையில், நாற்பது பேர் யூனிபார்மோடு நேராகக் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். டிரைவர் மணி அண்ணன் ஸ்டீயரிங்கில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் புடவையைத் தூக்கிக்கொண்டு ஏறி, "அண்ணா, எடுங்கண்ணா, பென்னலூர் ரோடு, தாலி போயிடுச்சு" என்று கத்தினேன். பாதித் தூக்கத்தில் அவருக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

பஸ் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது, விட்டால் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போக வேண்டும். மண்டபத்துக்குள் உட்கார்ந்திருந்த நாற்பது பேரும், "பஸ்ஸு கெளம்புதுடா!" என்று கையில் கிஃப்ட் பாக்கெட்டோடு, ஒருத்தர் வாயில் வடையோடு, எழுந்து ஓடி வந்து ஏறினார்கள். மேடையிலிருந்து பார்த்தவர்களுக்கு, மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் மொத்தமும் கொத்தாக எழுந்து ஓடுகிற காட்சி. இரண்டு வாட்ச் பெரியப்பா என் அப்பாவைப் பிடித்து, "இன்னா சம்மந்தி, எதுனா பிரச்சனையா? ஏன் உங்காளுங்க ஓட்றாங்கோ?" என்று கேட்டாராம். அப்பா, "ஷிப்ட்டா இருக்கும்" என்றாராம். கல்யாணத்துக்கு நடுவில் எந்த ஷிப்ட் என்று அவருக்கே தெரியாது.

பஸ் மெயின் ரோட்டுக்கு வந்தபோது அம்மா போன் செய்தாள். ஐயர் கேட்டு, அவளே ரூமுக்குப் போய்த் தட்டை எடுத்து வந்து, மேடையில் துணியை விலக்கியிருக்கிறாள். தேங்காய் மட்டும் இருந்திருக்கிறது.

"எங்கடி கீற?"

"பஸ்ல கீறேன்மா."

"பஸ்லயா? தாலி எங்கடி?"

"அது குட்டி யானைல போகுதும்மா. நாங்க பின்னாலதான் போறோம்."

மேளச் சத்தத்துக்கு நடுவே அம்மா, "ஓகே, ஓகே" என்று இரண்டு முறை சொன்னாள். என் கதை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முன்னால் கார்களைச் சுமந்துகொண்டு ஒரு ட்ரெய்லர், ஊர்வலத்தில் சாமி போகிற வேகத்தில் போனது. மணி அண்ணன் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் நாற்பது பேருக்கும் தூக்கம் தெளிந்துவிட்டது. ஆளுக்கொரு ஜன்னலில் தலையை நீட்டி வண்டி தேடினார்கள். மார்ட்டின் அண்ணன் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு மேலதிகாரியின் கவலையோடு, "சீட்டு எழுதனியாம்மா?" என்று கேட்டார். எழுதினேன் என்றேன். "கரெக்டு" என்றார். அந்த நேரத்திலும் எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பென்னலூருக்குச் சற்று முன்னால், டீக்கடை ஓரம் குட்டி யானை நின்றிருந்தது. பின்பக்கம் சிவப்புப் பெட்டி. பெட்டியின் முன்னால், கையைக் கட்டிக்கொண்டு, எல்லைச்சாமி கணக்காகப் பாபு. பஸ் நிற்பதற்குள் நான் குதித்தேன்.

"பாபு! ஏன் போன் எடுக்கல?"

"வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டேன்க்கா. நானும் ரெண்டு வருஷம் ஒரகடத்துல கம்பெனில காண்ட்ராக்ட் வேலைல இருந்தவன். ரூல்ஸ்னா ரூல்ஸ்."

"சரி, மூடியத் திற."

பாபு நகரவில்லை. "தண்ணி பாட்டில் வெக்கலாம்னு தொறந்தேன், உள்ள ஹோல்டு சீட்டு கீது. மூடிட்டு இங்கியே நின்னுக்கினு கீறேன். டீகூட குடிக்கல. முடிவு எழுதி, கையெழுத்து போட்டாத்தான் தருவேன்."

"நான்தான்பா எழுதினேன்!"

"அப்ப நீங்கதான் முடிவும் எழுதணும்."

என் பேனா மண்டபத்தில் இருந்தது. நாற்பது பேர் பையைத் துழாவினார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்த நாற்பது பேரிடம் ஒரு பேனா இல்லை. மணி பத்து எட்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ராகு காலம் பிறந்துவிடும், பெண் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள், அண்ணன் மணவறையில் தனியாக உட்கார்ந்திருப்பான், வாழ்நாள் முழுக்க எனக்கு 'கே' மட்டும்தான் அனுப்புவான்.

மார்ட்டின் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். எங்கள் லைனில் தினமும் வேலை தொடங்குமுன் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் நின்று, மெஷினை நோக்கி விரலை நீட்டி, ஒரே குரலில் மூன்று முறை ஓகே சொன்னால்தான் சுவிட்சைப் போடுவோம். "பேனா இல்லன்னா வாய் கீது. எல்லாம் லைன்ல வாங்க" என்றார். நாற்பது பேரும் நடைபாதையில் வரிசையாக நின்றார்கள். வடை வைத்திருந்தவர் அதை விழுங்கினார். பாபு பெட்டியை லேசாகத் திறந்தார். நாற்பது விரல்கள் ஐஸ்கிரீம் பெட்டியை நோக்கி நீண்டன.

"ஓகே! ஓகே! ஓகே!"

டீக்கடையில் ஒருவர் கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்தது. பாபு அட்டென்ஷனில் நின்று, வெற்றிலையோடு தாலியை என் கையில் கொடுத்தார்.

அவ்வளவு பெரிய பஸ் திரும்ப வேண்டுமென்றால் வெகு தூரம் போய் வர வேண்டும். அதனால் குட்டி யானையில், பாபு பக்கத்தில், மடியில் தாலியோடு நான் மண்டபத்துக்கு வந்தேன். வழியில் பாபு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மத்தியான சாப்பாட்டுக்கு அப்பளம் கம்மியா கீது, சமாளிச்சிக்கிறீங்களா?" நான் தாலியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பத்து இருபத்திரண்டுக்கு மேடை ஏறினேன். தலைமுடி கலைந்து, புடவையில் டீக்கடைத் தூசி. அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. மணப்பெண் ஹேமா குனிந்த தலை நிமிரவில்லை. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னாடி பண்ண?" என்றாள்.

வாயை மூடிக்கொண்டு தட்டை நீட்டியிருக்கலாம். நானா? "ஒரு குண்டு சின்னதா இருந்துச்சும்மா. தேஞ்சும் இருந்துச்சு. பழசோன்னு நெனச்சேன்" என்றேன். ஐயரின் மைக் பக்கத்தில் இருந்தது. பழசோ என்பது மண்டபத்தின் கடைசி நாற்காலிவரை போனது. பெரியப்பா எழுந்தே விட்டார்.

அம்மா புடவைத் தலைப்பைக் கொஞ்சம் விலக்கினாள். அவள் தாலியில் ஒரு பக்கம்தான் குண்டு இருந்தது.

"அது என்னோடதுடி. எங்கழுத்துல கெடந்து தேஞ்சது. வர்ற பொண்ணு கழுத்துல என்னோடது ஒண்ணு கெடக்கட்டுமேன்னு பத்தர்கிட்ட குடுத்தேன். இதப் போயி ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருக்கணுமா?"

இரண்டு மாதமாக அம்மா ஒற்றைக் குண்டோடு என் கண் முன்னால் நடமாடியிருக்கிறாள். எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள், தலை பின்னிவிட்டிருக்கிறாள். தலைமுடி அளவு விரிசலைக் கண்டுபிடிக்கிற சிறந்த இன்ஸ்பெக்டர் ஒருநாள்கூட அவள் கழுத்தைப் பார்க்கவில்லை. வெட்கத்தில் எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. மணி பத்து இருபத்து நாலு, அதற்கு நேரமில்லை.

ஹேமா அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "அத்தை, எது உங்களோடது?" என்று கேட்டாள். அம்மா தொட்டுக் காட்டினாள். "அந்தப் பக்கம் முன்னாடி தெரியற மாதிரி கட்டச் சொல்லுங்க" என்றாள். பெரியப்பா உட்கார்ந்துவிட்டார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டதாகவும் ஞாபகம்.

கெட்டிமேளம் கொட்டியது. அண்ணன் முதல் முடிச்சு போட்டான். நான் இரண்டாவதும் மூன்றாவதும் போட்டேன். போட்டதோடு விட்டேனா? பழக்க தோஷம், முடிச்சு தாங்குமா என்று ஒரு இழு இழுத்துப் பார்த்தேன். "யம்மா!" என்று ஹேமா கத்தியது வீடியோவில் தெளிவாக இருக்கிறது. கிஃப்ட் பாக்கெட்டுகளோடு நாற்பது பேர் மூச்சிரைக்க உள்ளே ஓடிவருவதும் அதிலேயே இருக்கிறது.

அந்த ஹோல்டு சீட்டு வெற்றிலையோடு ஒட்டிக்கொண்டு மேடைக்கு வந்திருக்கிறது. அதை ஹேமா அண்ணி எடுத்து ஒளித்து வைத்தது எனக்குத் தெரியாது. ஆல்பம் வந்தபோது பார்த்தால் முதல் பக்கத்தில் சாமி படம் இல்லை, என் கையெழுத்தில் 'ஹோல்டு. பாகம்: தாலி, ஒன்று' இருக்கிறது. பார்க்க வருகிற அத்தனை பேருக்கும் அண்ணி கதையை முதலிலிருந்து சொல்வாள். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் இரண்டு பேர் கூடுவார்கள். இப்போது அறுபதில் நிற்கிறது.

அண்ணன் லேட்டாக வந்தாலோ, சொன்ன சாமானை மறந்தாலோ, அண்ணி சண்டை போடுவதில்லை. ஆல்பத்தைத் திறந்து, அந்தக் காலிக் கட்டத்தில் விரலை வைப்பாள். "பாத்துக்கோங்க. உங்க தங்கச்சி இன்னும் முடிவு எழுதல. எப்ப வேணா திருப்பி அனுப்பிடுவேன்." அண்ணன் உடனே பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவான்.

பாவமாக இருக்கிறதே என்று போன கல்யாண நாளன்று நானே பேனாவோடு போனேன். ஆல்பத்தைத் திறந்து, முடிவு என்ற இடத்தில் 'ஓகே'யில் 'ஓ' வரைக்கும் எழுதிவிட்டேன். அண்ணி பாய்ந்து வந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவசரப்படாத தேவி. உங்கண்ணன் இன்னும் பாத்திரம் கழுவல."